சர்வரின் பழைய பெயர்

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோது எங்கள் வானொலியில் மாதா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஓட வேண்டியது சந்தை நிலவரம். முன்னாலும் பின்னாலும் சோப்பு விளம்பரம். மாதா பாட்டு முடிந்து இன்னொரு மாதா பாட்டு வந்தது. வாசல் காவலாளி எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா பெர்னா அம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இதே பாட்டுதான். யாரு செத்தாங்கன்னு மசாக்கா டவுன் பூரா போன் போட்டுக் கேக்குது" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதமாகவே எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தது என்று நான் சொன்னது ஒலும்பே. என் வீட்டுக்காரரைப் புதைத்து எட்டு மாதம் கழித்து, போன சனிக்கிழமை, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் பந்தல் போட்டு, விடிய விடிய மேளம் அடித்து, சாவை வீட்டைவிட்டு விரட்டினோம். விடிந்ததும் வாரிசை உட்காரவைத்தார்கள். அவருடைய தம்பி பாஸ்கலிதான் வாரிசு. நியெண்டோவில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். மரப்பட்டைத் துணியைத் தோளில் முடிந்து, கையில் ஈட்டியைக் கொடுத்து, குலத்துப் பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "இனிமே இவன்தான் அவன்." பெண்கள் குலவையிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பாஸ்கலிக்கு என் வீட்டுக்காரரின் பெயர். என் மகள் பெர்னா ஏதோ இத்தனை நாளும் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஓடிப்போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, எனக்கு ஸ்கூல் ஷூ வேணும்" என்றாள். பந்தலே சிரித்தது, பந்தலே அழுதது. நான் வேர்க்கடலைக் குழம்புக்கு உப்புப் பத்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன்.

அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஒரு தொல்லை. முன்பெல்லாம் அவன் என்னை அண்ணி என்பான், நான் அவனைப் பாஸ்கலி என்பேன். இப்போது அவன் அண்ணி என்றால் பெரியவர்கள் முறைக்கிறார்கள். நான் பாஸ்கலி என்றால் உட்காரவைத்த வாரிசை எழுப்பிவிட்ட மாதிரி. புதுப் பெயரைச் சொல்லலாமென்றால், அது என் வாயில் எப்போதுமே வந்ததில்லை. பதினோரு வருஷம் குடித்தனம் செய்தும் என் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் கூப்பிடுகிறார்கள்? பெர்னா பிறக்கும்வரை "இங்க பாருங்க", பிறந்த பிறகு "பெர்னா அப்பா". ஆஸ்பத்திரியில் கல்லீரல் வார்டில் நர்ஸ் பெயரைக் கேட்டபோதுகூட அட்டையை எடுத்து நீட்டினேன்.

மாடியேறிப் போனால் சலோங்கோ என் மேசைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் நிலைய மேலாளர். இரட்டைப் பிள்ளை பெற்றதிலிருந்து ஊருக்கே சலோங்கோ. அசல் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கடன்காரன் வந்து நிற்பதுபோல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இன்னும் ரெண்டு நாள் லீவு எடுத்திருக்கலாமே" என்றார். என்ன ஆச்சு என்றேன். "ஒண்ணுமில்ல, சின்ன விஷயம். எல்லாம் போச்சு" என்றார். சின்ன விஷயம் என்றும் எல்லாம் போச்சு என்றும் ஒரே மூச்சில் சொல்ல அவரால்தான் முடியும்.

விஷயம் இதுதான். ஒலிபரப்பின் சரக்கு முழுவதும் சர்வர் அறையில் ஒரு பெட்டியில் இருக்கிறது. பாட்டு, விளம்பரம், சாவு அறிவிப்பு, நாடகம் எல்லாம். பெர்னா அப்பா இங்கே வேலை பார்த்தபோது கட்டிவைத்த பெட்டி, அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்வது. அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டிஸ்க்காகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போய் வந்தது. பெட்டி எழுந்துகொண்டது. ஆனால் காப்பகம் என்ற ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. பத்து வருஷச் சரக்கு. பெர்னா அப்பா கலுங்கு ஊர்ப் பக்கமும் ஏரித் தீவுகளிலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து பதிவுசெய்த மீனவர் பாட்டு, விதவைகள் சங்கத்துச் சண்டை, கிழவர்கள் ரேடியோ கேட்டுக்கொண்டே ரேடியோவைத் திட்டுவது, எல்லாம். அன்றிலிருந்து காலை நிகழ்ச்சி நடத்தும் பெண்ணின் போனில் இருந்த மாதா பாட்டுகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"ஒலும்பே வீட்டுக்கு எப்படிம்மா போன் பண்றது? மேளம் அடிக்கறப்ப சர்வர் போச்சுன்னா சொல்றது?"

கேட்கவேண்டுமே என்று கேட்டேனே தவிர எனக்குக் கோபமும் இல்லை. சர்வர் அறைக்குப் போனேன். உள்ளே டெரிக் உட்கார்ந்திருந்தான். கம்பாலாவில் படித்துவிட்டு வந்து நாலைந்து அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் பையன். நல்லவன், கெட்டிக்காரன், எப்போதும் அவசரம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, மன்னிச்சிருங்க" என்றான். இரங்கல் சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு நாற்காலியில் பையை வைத்தேன். ஜன்னல் வழியாக நடைவழி தெரிந்தது. அங்கே பெஞ்சில் பாஸ்கலி உட்கார்ந்திருந்தான். கடைச் சட்டை, அதில் கிரீஸ் கறை, மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெர்னாவின் ஷூ. அளவு சரியா என்று கேட்க வந்திருக்கிறான். என்னைப் பார்த்துப் பாதி எழுந்தான், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். நானும் தெரியாததால் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

டெரிக் நடந்ததைச் சொன்னான். "எம்டி ஜீரோ எங்க போச்சுன்னே தெரியல அக்கா. ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்தா அந்தப் பேர்லதான் வரணும், அந்தப் பேரைத்தான் காப்பகத்தோட கோத்து வச்சிருக்கு. அது இல்லவே இல்ல. அதுக்குப் பதிலா எம்டி நூத்தியிருபத்தேழுன்னு ஏதோ ஒண்ணு வந்து நிக்குது. நாம வச்ச பேரே இல்ல. அதை நிறுத்திட்டேன். இனி ஒரே வழிதான். ரெண்டு டிஸ்க்கையும் சேத்து எம்டி ஜீரோன்னு புதுசா உருவாக்கிடறேன். அஞ்சு நிமிஷம்."

"உள்ள இருக்கறது?" என்றார் பின்னால் நின்ற சலோங்கோ.

"அதான் ஏற்கெனவே காணமே சார்."

காணாமல் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நூற்றியிருபத்தேழு என்ற எண்ணைக் கேட்டதுமே தெரியும். டிஸ்க் செத்தால் எதுவும் வராது. வேறு எண்ணில் வந்து நிற்கிறதென்றால் இரண்டும் நலம், உள்ளிருப்பதும் நலம், கூப்பிடுகிற பெயர்தான் மாறியிருக்கிறது. புதிதாக உருவாக்கினால்தான் சாவு. பழைய கணக்கின்மேல் புதிய தலைப்பு விழும், ஒரு டிஸ்க்கை அழித்து அதன்மேல் மற்றதைப் பூசும், பிறகு கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போனால் போகட்டுமே என்று இருந்தது. போய்விட்டால் இந்த அறைக்கு இனி வரவேண்டாம். அவர் பதிவுசெய்ததை ஒலிபரப்பும்போதெல்லாம் யாராவது வந்து என் தோளைத் தொட வேண்டாம். அந்தக் குரல்களுக்கு நடுவே மைக்குக்குப் பின்னால் அவர் இருமுவது கேட்குமே, அதற்காக முன்கூட்டியே எழுந்து கழிவறைக்குப் போக வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். டெரிக் டைப் அடித்தான். நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நல்ல பாத்திரம் விழப்போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மாதிரி நின்றேன்.

பெட்டி அவனைவிட நிதானம். இந்த இரண்டு டிஸ்க்கும் ஏற்கெனவே ஒரு ஜோடியைச் சேர்ந்தவை போலிருக்கிறதே, தொடரலாமா என்று கேட்டது. டெரிக் அதைச் சத்தமாகப் படித்தான். விரல் சரி என்பதற்கான ஒய் எழுத்துக்கு மேலே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றேன்.

அன்பு, ஞாபகம் என்றெல்லாம் யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். விழுகிற தம்ளரைப் பிடிக்கக் கை தானாக நீளுமே, அதுதான் நடந்தது. "நோன்னு அடி. எதையும் உருவாக்காதே. தள்ளு" என்றேன். தள்ளி உட்கார்ந்தான். நான் அவன் நிறுத்திவைத்த ஜோடியை மறுபடி சேர்த்தேன். நூற்றியிருபத்தேழாகவே வந்து நின்றது. படிக்க மட்டும் என்று ஓர் ஓரத்தில் திறந்தேன். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. மீனவர், விதவைகள், கிழவர்கள், சோப்பு, உரம், சாவு. சலோங்கோ "அய்யோ மாதாவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "இருக்கு! அடப்பாவி டெரிக், இருக்குடா! நீ கொன்னே போட்டிருப்ப!"

"நீங்கதானே சார் அஞ்சு நிமிஷத்துல முடின்னீங்க" என்றான் டெரிக். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

டிஸ்க்கின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பெட்டி வரிவரியாகச் சொன்னது: எப்போது பிறந்தது, எத்தனை பேர், நலமா. நடுவில் பெயர் என்று ஒரு வரி. அதில் பெர்னா அப்பாவின் பெயர், பக்கத்தில் ஒரு சைபர். அவர் இந்த சர்வருக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். அப்படி ஒரு கொழுப்பு. நான் செத்தாலும் தினமும் காலையில என்னை எழுப்பித்தான் நீ ரேடியோ நடத்தணும் என்பார் சலோங்கோவிடம். ஜோடியை உருவாக்கும்போது, எந்தப் பெட்டியின் வீட்டில் பிறந்தோம் என்பதை டிஸ்க்குகள் தங்கள் உடம்பில் எழுதிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது பெட்டியின் பெயரைப் பார்க்கும். அதே பெயரென்றால் நம் வீடு. கேட்ட எண்ணில் வந்து நிற்கும். பெயர் வேறென்றால் யாரோ வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று கடைசி எண்ணில் போய் ஒதுங்கி நிற்கும். பெட்டியின் பெயரைப் பார்த்தேன். ஸ்டூடியோ என்றிருந்தது.

"யாரு மாத்தினது?"

டெரிக் சலோங்கோவைப் பார்த்தான். சலோங்கோ தரையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார் கடைசியில். "தினமும் காலையில நீ உன் கம்ப்யூட்டரைப் போட்டதும் அவரு பேருதான் முதல்ல வரும். நீ அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. டீ ஆறிப்போகும். எட்டு மாசமா கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதானே இருக்கேன். ஒலும்பே முடிஞ்சு வர்றப்ப அது இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லம்மா."

அப்படி உட்கார்ந்திருந்தேனா? எனக்கு ஞாபகமே இல்லை. டீ ஆறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெயரை மாற்றியபோது ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஜோடி ஏற்கெனவே எழுந்து வேலைசெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்த் தூங்கி எழுந்தபோதுதான் வீட்டுக்காரன் மாறியிருப்பது அதற்குத் தெரிந்தது. நான் இதைச் சொன்னதும் டெரிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "அதுக்குத்தான் அக்கா அப்பவே மன்னிப்புக் கேட்டேன். இதுவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா பேரை மாத்தினா டிஸ்க் கோவிச்சுக்குமான்னு நானே என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேன்."

"அப்ப பெட்டிக்கும் ஒலும்பே நடத்தி வாரிசை உக்காரவச்சிருக்கணும்னு சொல்லு" என்றார் சலோங்கோ. "ஒரு ஆடு, ரெண்டு கோழி. செலவைக் கணக்குல எப்படி எழுதறது?" டெரிக் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வரும் என்று ஒரு கணம் தோன்றியது. வரவில்லை, ஆனால் வரும் இடம் எது என்று தெரிந்தது. அதுவே புதிதாக இருந்தது.

பிறகு டெரிக் தொழில்காரனாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "ரெண்டு வழி இருக்கு அக்கா. ஒண்ணு, பெட்டியோட புதுப் பேரை டிஸ்க்குல எழுதிடலாம். ரெண்டுலயும் பழைய பேரு அழிஞ்சு ஸ்டூடியோன்னு வந்துரும். சுத்தமா முடிஞ்சுரும். இல்லன்னா பெட்டிக்கே பழைய பேரைத் திருப்பி வச்சிடலாம். அப்ப டிஸ்க்கைத் தொடவே வேணாம், அதுங்களே நம்ம வீடுதான்னு வந்து நிக்கும். ஆனா தினமும் உங்க திரையில..."

பெயரையே பார்க்காதே, டிஸ்க்கின் நீள எண்ணைப் பார்த்துச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதிவைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. அதுதான் ஒழுங்கான வழியும்கூட. டெரிக்குக்கு அவசரத்தில் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

"புதுசே போடு" என்றார் சலோங்கோ. "பழைய பேருன்னா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

"அவங்க சொல்லட்டும் சார்" என்றான் டெரிக். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பெட்டியின் பெயரைக் கேட்கும் வரியைத் திறந்து, அதற்கு முன்னால் குறி மின்னிக்கொண்டிருக்க, காத்திருந்தான். "சொல்லுங்கக்கா. என்ன பேரு போடட்டும்?"

ஸ்டூடியோவில் மாதா பாட்டு முடிந்து, அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, சத்தமே இல்லை. பழையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும், டெரிக் புரிந்துகொள்வான். பதினோரு வருஷமும் எட்டு மாதமும் அப்படித்தான் ஓட்டினேன்: அட்டையை நீட்டி, கையைத் தூக்கிக் காட்டி, இங்க பாருங்க என்று. இறந்த அன்று உடலைக் கொடுத்தபோதும் யாருடைய உடல் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி அழுதார்கள், மாமியார், நாத்தனார்கள், பால்காரன்கூட. எனக்கு மட்டும் சொல்லி அழ ஒரு பெயர் இல்லை. பெர்னா அப்பா என்று அழலாம். ஆனால் பெர்னாவுக்கு இப்போது வேறு அப்பா வந்துவிட்டார். எனக்கு அவர் யார் என்று சொல்ல என்னிடம் என்னதான் இருக்கிறது? டெரிக் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"கியிம்பா" என்றேன்.

மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிப் பழக்கம் இல்லாத வார்த்தை, எவ்வளவு சத்தம் தேவை என்று எனக்கு எப்படித் தெரியும்? அறையைத் தாண்டிக் கேட்கும்படி வந்துவிட்டது. தோட்டத்தின் அந்தக் கோடியில் வேலையாக இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். எனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. சலோங்கோ தலையைக் குனிந்துகொண்டார். டெரிக் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினான்.

நடைவழியில் பெஞ்சு கிரீச்சிட்டது. "இதோ, வந்துட்டேன்" என்று குரல் கேட்டது. விறுவிறுவென்று நடந்து வந்து கதவைத் தள்ளினார் வாரிசு. அட்டைப்பெட்டி கக்கத்தில், ஒற்றை ஷூ கையில், நாடா தொங்கியபடி. உள்ளே மூன்று பேரும் இருந்த இருப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, தன்னைக் கூப்பிடவில்லை என்று. முகம் கறுத்துப்போய் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கழுத்து வியர்த்திருந்தது. எட்டு மாதத்தில் இந்த மனிதரும் ஓர் அண்ணனைப் பறிகொடுத்தவர் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

உங்களை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டெரிக் கடைசி எழுத்தை அடித்துவிட்டுப் பெட்டியை மறுபடி எழுப்பினான். விசிறி ஒருமுறை நின்று, பெருமூச்சுவிட்டுச் சுற்றத் தொடங்கியது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. நான் பக்கத்து நாற்காலியிலிருந்த என் பையை எடுத்துத் தரையில் வைத்தேன்.